ஆர்டர் வேலைக்கு நடுவே சொந்தப் படைப்புக்கு இடம் எங்கே?

காகிதப்பட்டறை எழுதியது:

நூல் பைண்டிங் என் தொழில். கையால் தைத்த குறிப்பேடுகள், புகைப்பட ஆல்பங்கள், உதிர்ந்துபோன பழைய புத்தகங்களுக்கு மறு தையல், காலிகோ துணி ஒட்டிய அட்டை எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்கிறேன். ஆர்டர்களுக்குக் குறைவில்லை. என் மனதிலிருக்கும் ஒரு புத்தகத்தைச் செய்யத்தான் நேரம் கிடைக்கவில்லை.

காலையில் வாடிக்கையாளர்களின் செய்திகளுக்குப் பதில் எழுதுகிறேன். பிறகு தாளை வெட்டி, மடித்து, பாரம் பாரமாக (சேர்த்து மடித்த தாள்கட்டைப் பாரம் என்போம்) அடுக்கித் துளையிடுகிறேன். மதியம் தையல். மாலையில் அட்டையை ஒட்டி பிரஸ்ஸில் இறுக்கிவிட்டு, முந்தைய நாள் காய்ந்தவற்றை எடுத்துப் பொட்டலம் கட்டுகிறேன். பில், கணக்கு, நூலும் தாளும் இருப்பு பார்ப்பது எல்லாம் இரவுக்குப் போய்விடுகின்றன.

நான் செய்ய நினைப்பது இதுதான். இலைகளையும் செடிகளையும் சயனோடைப் முறையில், அதாவது மருந்து பூசிய தாளை வெயிலில் வைத்து நீல அச்சு எடுக்கும் முறையில், அச்சிட்டு, அந்த நீலத் தாள்களைக் கோப்டிக் தையலில் ஒரே புத்தகமாகக் கட்ட வேண்டும். அந்தத் தையலில் முதுகு மூடப்படாது. சங்கிலி போன்ற நூல் வரிசை வெளியே தெரியும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தட்டையாகக் கிடக்கும். இரண்டு பக்கங்களுக்கும் குறுக்கே படரும் ஒரு கொடியின் அச்சை நடுவில் விழுங்காமல் காட்ட வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்து அதைவிடப் பொருத்தமான கட்டு இல்லை.

இதை ஓய்வு நேரப் பொழுதுபோக்காக நான் நினைக்கவில்லை. இன்று நான் விற்கும் பொருட்களில் பாதி, யாரும் கேட்காமல் நானாகச் செய்து பார்த்தவற்றிலிருந்து வந்தவை. அந்த ஊற்று அடைபட்டால் தொழிலும் வறண்டுவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். தனியாகத் தொழில் நடத்தும் மற்றவர்கள் இதற்கு எப்படி இடம் ஒதுக்குகிறீர்கள்? விடுமுறை நாளில் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். விடுமுறை நாளில் கை ஓய்வு கேட்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலை நேரம் ஆர்டர்களுக்கு உரியது. வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்துக் காத்திருக்கும்போது அவருடைய நேரத்தில் சொந்தப் புத்தகம் செய்வது நியாயமாகாது. தொழில் உறுதியாக நிற்கட்டும். படைப்பு பிறகு வரட்டும். நன்றாக வேலை செய்தவர்கள் பலர் காசு வரவைக் கவனிக்காததால் கடையை மூடியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

சுடுமண் எழுதியது:

மட்பாண்டம் செய்பவர்கள் பலரிடம் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. தனி நேரம் ஒதுக்குவதில்லை. சூளையில் இடம் ஒதுக்குகிறோம். ஆர்டர் பாத்திரங்கள் ஏறும்போது தட்டின் ஓரத்தில் நான்கைந்து சோதனை ஓடுகள் ஏறிவிடும். சூளை எப்படியும் எரியப்போகிறது. அதற்கென்று தனி எரிபொருள் இல்லை. பாத்திரத்தின் மேல் பூசும் புதிய மெருகு எதுவும் அந்த ஓர ஓடுகளில்தான் என்னிடம் பிறந்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டின் பின்புறத்திலும் கலவை எண்ணை எழுதிச் சுடுகிறேன்; எண் இல்லாத ஓடு எவ்வளவு அழகாக வந்தாலும் பயனில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் காத்திருப்பு கட்டாயம். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் திடீரென்று அளவு மாறும். ஆறும்போது அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் பாத்திரம் விரிசல் விடும். எனவே சூளை ஆறும்வரை அதைத் தொட முடியாது. உங்கள் தொழிலிலும் பசை காயும் நேரம் இருக்கிறதே, அப்போது உங்கள் கை என்ன செய்கிறது?

காகிதப்பட்டறை எழுதியது:

சுடுமண், நல்ல கேள்வி. பசை காயும்போது அடுத்த ஆர்டருக்குத் தாள் மடிக்கிறேன். ஓரிடத்தில் காயும் வேலையும் இன்னோரிடத்தில் தைக்கும் வேலையும் எப்போதும் சேர்ந்தே நடப்பதால் சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று தனியாகக் கிடைப்பதில்லை. ஆனால் ஓர இடம் என்ற யோசனை பிடித்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை ஐயா, முன்பணம் கொடுத்தவரைக் காக்க வைப்பதைப் பற்றி நான் பேசவில்லை. வாங்கிய வேலையைச் சொன்ன நாளில் கொடுத்துவிடுகிறேன். வாரம் முழுவதையும் ஆர்டர்களால் நிரப்பிக்கொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அடுத்த ஆர்டருக்கு நான் சொல்லும் தேதியை இரண்டு நாள் தள்ளிச் சொன்னால் யாருக்கும் அநியாயம் இல்லை.

தறிக்காரி எழுதியது:

தோழி, நெசவிலும் அதே போல ஒரு வழி இருக்கிறது. ஆர்டருக்குப் பாவு (துணியின் நீளவாக்கு இழைகள்) ஓட்டும்போது தேவையைவிடச் சிறிது நீளம் கூட்டி ஓட்டுகிறேன். தறியில் பாவு கட்டும் வேலைதான் பெரும் வேலை. ஒவ்வொரு இழையையும் விழுதுக் கண்ணில் கோத்து, அச்சு என்னும் தறிச் சீப்பில் இழுத்து, இழுவிசை சரிபார்த்து முடிப்பதற்குள் கழுத்து வலிக்கும். அந்த உழைப்பு ஆர்டருக்கு எப்படியும் தேவை. மிச்ச நீளத்தில் ஊடையை (குறுக்கிழையை) மாற்றி, மிதி வரிசையை மாற்றி, என் விருப்பத்துக்கு நெய்து பார்ப்பேன். ஆர்டர் துணியை அறுத்து எடுத்த பிறகு கிடைக்கும் அந்த நேரம் எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தத் துண்டுகளைப் படம் எடுத்துப் போட்டால் உடனே "இதுபோல எனக்கு ஒன்று" என்று கேட்பார்கள். நீங்கள் இன்னும் எதையும் முடிவு செய்திருக்க மாட்டீர்கள். அதற்குள் அது அளவும் நிறமும் தேதியும் உள்ள ஆர்டராகிவிடும். பாதியில் இருப்பதைக் காட்டாதீர்கள். முடியும்வரை அது உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

மெழுகுவிளக்கு எழுதியது:

தறிக்காரியோடு நான் உடன்படவில்லை. என் மெழுகுவர்த்தித் தொழிலில் பாதி வேலையைக் காட்டியதால்தான் வாங்குபவர்களே வந்தார்கள். செய்முறையைப் பார்க்க மக்களுக்கு ஆசை. ஊற்றிய மெழுகு ஆறி மேற்பரப்பு வெளுப்பதைப் படம்பிடித்துப் போட்டால் முடிந்த பொருளின் படத்தைவிட அதிகம் பேர் நின்று பார்க்கிறார்கள்.

தறிக்காரி எழுதியது:

செய்முறையைக் காட்டுங்கள், தாராளமாக. ஆர்டர் வேலையின் செய்முறையைக் காட்டுங்கள். நான் மறைக்கச் சொல்வது இன்னும் முடிவாகாத சொந்த வேலையை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காகிதப்பட்டறை சொன்னதை யோசித்துப் பார்த்தேன். தேதியைத் தள்ளிச் சொல்வது நியாயமான வழிதான். அப்படியென்றால் விலையையும் அதற்கேற்பக் கணக்கிட வேண்டும். எண்களோடு ஓர் உதாரணம் தருகிறேன். இவை யாருடைய கணக்கும் அல்ல. முறை புரிவதற்காக மட்டும்.

வாரத்துக்கு 45 மணி நேரம் உழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மேசையில் பொருள் செய்யும் நேரம் 27 மணி. மீதி 18 மணி செய்திகள், பொட்டலம், கணக்கு, கொள்முதல். வாடிக்கையாளரின் பில்லில் ஏறுவது அந்த 27 மணி மட்டுமே. எனவே மேசையில் செலவிடும் ஒவ்வொரு மணியும் ஒரு மணி 40 நிமிடத்துக்கான கூலியைச் சுமக்க வேண்டும். தனியாகத் தொழில் செய்வோர் பலர் இங்கேயே சறுக்குகிறார்கள். தைத்த நேரத்துக்கு மட்டும் கூலி போட்டுவிட்டு, பொட்டலம் கட்டிய நேரத்தை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

இப்போது அந்த 27 மணியில் 3 மணியைச் சொந்த வேலைக்கு எடுத்தால் மீதி 24. அப்போது ஒவ்வொரு மணியும் சுமக்க வேண்டியது ஏறக்குறைய ஒரு மணி 52 நிமிடம். கூலியில் எட்டில் ஒரு பங்கு உயர்வு. பொருளின் விலையில் கூலி பாதி என்றால், மொத்த விலையில் உயர்வு 6 சதவீதத்துக்குச் சற்றுமேல். அதைத் தரும் வாடிக்கையாளர்கள் உங்களுக்கு இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பெரிய நிறுவனங்கள் ஆராய்ச்சிச் செலவைப் பொருளின் விலையில் சேர்க்கத்தானே செய்கின்றன? உங்கள் 3 மணியும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் அதைக் குறித்து வையுங்கள். குறிக்காத மணி எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

அச்சுக்கோப்பு எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது மைக்கேல் ஃபாரடே நினைவுக்கு வருகிறார். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த அதே ஃபாரடே. 1805இல், பதினான்கு வயதில், லண்டனில் ஒரு பைண்டரிடம் ஏழு ஆண்டு தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களைத் தைப்பதோடு நிற்காமல் படிக்கவும் செய்தார். முதலாளி அதற்குத் தடை போடவில்லை. 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளைக் கேட்டு எடுத்த குறிப்புகளைப் படங்களோடு விரிவாக எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே டேவி பணியாற்றிய ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு உதவியாளராக வேலை கிடைத்தது.

அந்தக் குறிப்புகளைப் புத்தகமாகக் கட்டச் சொல்லி ஃபாரடேயிடம் யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. கைத்தொழிலும் சொந்த ஆசையும் ஒரே மேசையில் சேர்ந்து உருவான பொருள் அது. எல்லோருக்கும் அப்படி வாழ்க்கை திரும்பும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் எதில் ஆழ்ந்திருக்கிறார் என்பதைச் சான்றிதழைவிட, அவர் தானாகச் செய்த ஒரு பொருள் தெளிவாகக் காட்டிவிடும். புதிய வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.

வெயில்தாள் எழுதியது:

நான் சயனோடைப் செய்பவன். நேர மேலாண்மையில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, ஆனால் காகிதப்பட்டறையின் புத்தகத்தைப் பற்றி அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும்.

சயனோடைப்பின் நீலம் பிரஷ்யன் நீலம் என்னும் இரும்புச் சேர்மம். ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் இந்த முறையைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டிலிருந்தே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை இப்படி அச்சிட்டுத் தொகுக்கத் தொடங்கிவிட்டார். எனவே உங்கள் யோசனைக்கு நல்ல முன்னோர் இருக்கிறார்கள். ஆனால் இந்த நீலத்துக்கு எதிரி காரத்தன்மை. நீண்ட காலம் தாங்கும் என்று விற்கப்படும் தாள்கள் பலவற்றில் அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். மற்ற புத்தகங்களுக்கு அது நல்லது. சயனோடைப்புக்கு அது கேடு. அச்சிடும் தாளாகப் பயன்படுத்தினால் நீலம் திட்டுத் திட்டாக வரும். எதிர்ப்பக்கத் தாளாக வைத்தால் காலப்போக்கில் நிறம் வெளுக்கும். கார்பனேட் சேர்க்காத பருத்தித் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைக்கும் மெல்லிய தாளும் அதே வகையாக இருக்கட்டும்.

வெளிச்சத்தில் நெடுநேரம் இருந்தால் நீலம் மங்கும். ஆனால் இருட்டில் வைத்தால் பெருமளவு மீண்டும் திரும்பி வரும். சுவரில் மாட்டுவதைவிடப் புத்தகமாகக் கட்டுவதே இந்த அச்சுக்கு நல்லது. மூடிய புத்தகத்துக்குள் இருட்டுதானே.

காகிதப்பட்டறை எழுதியது:

வெயில்தாள், மிக்க நன்றி. கடையில் "அமிலமற்றது" என்று எழுதியிருந்தால் போதும் என்று விட்டுவிடாமல், கார்பனேட் சேர்த்திருக்கிறதா என்றும் தனியாகக் கேட்க வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. அச்சைத் தண்ணீரில் அலசிய பிறகு தாள் நெளிகிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

வெயில்தாள் எழுதியது:

முழுதாகக் காயவிட்டு, பிறகு பின்புறம் லேசாக ஈரம் காட்டி, இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து மேலே எடை ஏற்றுகிறேன். உங்களிடம் பிரஸ் இருக்கிறது, கவலையில்லை. ஆனால் மடிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். மடித்த பாரத்தை ஈரப்படுத்தினால் மடிப்போரம் சுருங்கி, துளைகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது.

புதுக்கை எழுதியது:

வணக்கம். நான் இப்போதுதான் குறிப்பேடுகள் தைத்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். தலைப்புக்கு வெளியே போகிறேன் என்றால் மன்னிக்கவும். ஏ4 தாளை இரண்டாக மடித்து ஏ5 குறிப்பேடு செய்கிறேன். மடிப்பு கரடுமுரடாக வெடிக்கிறது, பக்கங்கள் விறைத்து நிற்கின்றன, புத்தகம் முழுதாகத் திறப்பதில்லை. நல்ல தாள்தான். காரணம் என்னவாக இருக்கும்?

காகிதப்பட்டறை எழுதியது:

தலைப்புக்கு வெளியே இல்லை தம்பி, வேலையின் அடிப்படையே இதுதான். காரணம் தாளின் நார் ஓட்டம். இயந்திரத்தில் தாள் செய்யும்போது கூழிலுள்ள நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து மடிப்பு வெடிக்கும். ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். முதுகுக்குக் குறுக்கே நார் ஓடினால் பசை தடவிய இடமெல்லாம் அலை அலையாக எழும்பும். எனவே அட்டை, தாள், துணி, உட்புறம் ஒட்டும் தாள் எல்லாவற்றின் நாரும் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும்.

பெரும்பாலும் கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் நார் நீளவாக்கில், அதாவது 297 மில்லிமீட்டர் பக்கத்துக்கு இணையாக ஓடும். நீங்கள் அதை ஏ5 ஆக மடிக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. இதைத் தீர்க்க எளிய வழி உண்டு. நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாளை வாங்கி, நீளப் பக்கத்தைப் பாதியாக வெட்டுங்கள். கிடைக்கும் ஏ4 தாளில் நார் குறுகிய பக்கத்துக்கு இணையாக இருக்கும். அதை மடித்தால் மடிப்பு நாரோடு போகும்.

எந்தத் திசை என்று அறியத் தாளை மடிக்காமல் வளைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரு திசையில் எதிர்த்துத் தள்ளும். இன்னொரு திசையில் எளிதாகத் தாழும். தாழும்போது வளைவின் முகடு எந்தத் திசையில் நீள்கிறதோ அதுவே நார் ஓடும் திசை. சந்தேகமாக இருந்தால் சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். குழாய் போலச் சுருளும். குழாயின் நீளவாக்கே நார். சதுரத்தை வெட்டும் முன்பே மூலத்தாளின் நீளவாக்கைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுக்கை எழுதியது:

இப்போதே சோதித்துப் பார்த்தேன் அக்கா. நீங்கள் சொன்னபடியே நீளவாக்கில்தான் சுருண்டது. மிகவும் நன்றி. இன்னொரு கேள்வி. பார்சல் எடையை ஆர்டர் எடுக்கும்போதே எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இது எனக்குப் பிடித்த கேள்வி, நானே பதில் சொல்கிறேன். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாளின் எடை சரியாக 5 கிராம். நாற்பது தாள் மடித்துத் தைத்தால் உள்தாள் 200 கிராம், பக்கங்கள் 160. அட்டையையும் பொட்டலத்தையும் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவைத்தால் பிறகு தராசே தேவையில்லை.

சுடுமண் எழுதியது:

காகிதப்பட்டறை, கடைசியில் என்ன முடிவு செய்தீர்கள்? ஓர இடமா, தனி நேரமா?

காகிதப்பட்டறை எழுதியது:

இரண்டும். அச்சு வேலைக்கு வெயில் வேண்டும். அது நான் சொல்லும் நேரத்துக்கு வராது. எனவே தாளுக்கு மருந்து பூசி இருட்டில் காயவைத்து, ஓர் உறையில் தயாராக வைத்திருப்பேன். ஆர்டர் அட்டைகள் பிரஸ்ஸில் இருக்கும்போது வெயில் அடித்தால் ஒன்றிரண்டு தாளை வெளியே வைத்து எடுப்பேன். அது ஓர இடம். பூசிய தாள் நெடுநாள் தாங்காது என்பதால் கொஞ்சமாகத்தான் பூசுவேன்.

தையலை அப்படி இடைவெளியில் செய்ய முடியாது. கோப்டிக் தையலில் ஒரு பாரத்தை முடித்து ஊசியை முந்தைய வரிசையின் கண்ணிக்கு அடியில் சுற்றி இழுக்கும்போது, ஒவ்வொரு கண்ணியிலும் இழுவிசை ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் தொலைபேசியை எடுத்துப் பேசிவிட்டு வந்தால் அந்த இடத்தில் கை தளர்ந்திருப்பது முதுகில் அப்படியே தெரிந்துவிடும். தேன்மெழுகு பூசிய நூல் கண்ணியில் வழுக்காமல் நிற்பது கொஞ்சம் உதவும். ஆனால் சீரான கைக்கு அது ஈடாகாது. அதற்காக வாரத்தில் ஒரு காலை நேரத்தைத் தனியாக எடுக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி அந்த மணிகளைக் குறித்துவைத்து, புதிய ஆர்டர்களின் விலையில் சேர்த்துவிட்டேன். பழைய ஆர்டர்களுக்குச் சொன்ன விலையும் தேதியும் மாறவில்லை.

தறிக்காரி, உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன். புத்தகம் முடியும்வரை படம் போட மாட்டேன். யாருக்காவது இதுபோல வேண்டுமென்றால் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வெயில்தாள், ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அச்சுகளை நேரடியாகப் பாரமாக மடிப்பதா, அல்லது ஆல்பத்தில் செய்வதுபோல முதுகுப் பக்கம் குறுகிய துண்டுத்தாள் வைத்துத் தைத்து அதில் ஒட்டுவதா என்று யோசிக்கிறேன். நடுவே பாதுகாப்புத் தாள்களும் சேர்வதால் முன்பக்கம் தடித்து, புத்தகம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் என்பது என் கவலை. துண்டுத்தாள் அந்தத் தடிமனை முதுகில் ஈடுகட்டும். மாவுப் பசையால் ஒட்டலாம் என்றிருக்கிறேன். பிறகு ஈரம் காட்டிப் பிரிக்க வேண்டி வந்தாலும் பிரிக்கலாம், பி.வி.ஏ. என்னும் செயற்கை வெள்ளைப் பசையில் அது கடினம்.

வெயில்தாள் எழுதியது:

கொடி படரும் தாள்களை மட்டும் பாரமாக மடியுங்கள், மற்றவற்றைத் துண்டுத்தாளில் ஒட்டுங்கள். மடிக்கும் தாளில் மருந்தை மடிப்புக்கோடு வரை அடர்த்தியாகப் பூசாதீர்கள். கோட்டருகே லேசாக விட்டால் மடிப்பில் நீலம் உதிர்ந்து வெள்ளைக் கீறல் தெரியாது. மாவுப் பசை சரி. காரம் எதுவும் கலக்காத பசைதானா என்று லிட்மஸ் தாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.